ஆவிகளிடம் மாயக்காள் பேசிய பேரம்

என் அண்ணன் விஜய்ராஜ் வீட்டை விட்டுப் போனபோது சட்டைகளை எடுத்துக்கொண்டான், பைக்கை எடுத்துக்கொண்டான், என்னுடைய சார்ஜரையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். பகடைகளை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அதற்கு அப்புறம்.

கோயம்புத்தூர்க் கல்லூரி விடுதியிலிருந்து அவன் உருப்படியாகக் கொண்டுவந்தது அந்த விளையாட்டு ஒன்றைத்தான். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். காடு, மலை, கோட்டை, அங்கே ஒளிந்திருக்கிற பூதம் எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். அந்த வேடக்காரன் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். கம்பத்தை அடுத்த கூடலூரில் எங்கள் மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடுவோம். கதை சொல்வது நான், ஜோதிகா. கம்பத்தில் திராட்சை கமிஷன் கடை வைத்திருக்கும் சலீம் கதையில் வாள்வீரன். தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடும் நாகராஜ் மந்திரவாதி. இருவரும் அண்ணனோடு பள்ளியில் படித்தவர்கள். எங்கள் வீட்டு அடுப்படியில் எந்த டப்பாவில் முறுக்கு இருக்கிறது என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணனின் வேடம் பேரக்காரன். பேரக்காரனுக்குச் சொந்தமாக ஒரு சக்தியும் கிடையாது. கதையில் பொழுது விடியும்போதெல்லாம் அவன் ஏதாவது ஓர் ஆவியைக் கூப்பிட்டுப் பேரம் பேச வேண்டும். செத்துப்போன கொல்லனின் ஆவி இசைந்தால் அன்றைக்கு அவன் கைக்கு இரும்பும் வளையும். மூழ்கிப்போன ஓடக்காரி இசைந்தால் தண்ணீருக்குள் மூச்சு விடுவான். பதிலுக்கு ஆவி கேட்பதைக் கொடுக்க வேண்டும், அது போடுகிற நிபந்தனைக்கு அன்று முழுக்க அடங்கி நடக்க வேண்டும். கொல்லன் கூட இருக்கும்போது பால் ஆகாது, ஓடக்காரி கூட இருக்கும்போது தண்ணீருக்கு முதுகு காட்டக்கூடாது, இப்படி. எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று தெரிந்தவனுக்கு இதைப்போல வேடம் கிடையாது. ஒரே ஆள் நாலு ஆள் வேலை பார்த்துவிடுவான். அண்ணன் பார்த்தான்.

பிறகு மலைக்கு மேலே, கேரளப் பக்கத்து அணக்கரையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு சூப்பர்வைசராகப் போனான். அங்கே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஷெரினைக் கல்யாணம் செய்துகொண்டான். மலையாளத்துக் கிறிஸ்தவப் பெண். "அந்தப் பிள்ள என் வாசப்படிய மிதிக்கக்கூடாது" என்று அம்மா போனில் சொன்னாள். "அப்ப நானும் மிதிக்கல" என்று அவன் சொன்னான். இரண்டு பேரும் சொன்ன சொல்லில் நிற்கிறவர்கள். எங்கள் குடும்பத்துக்கு அதுதான் பெருமை, அதுதான் கேடு.

அணக்கரை ஒன்றும் அமெரிக்கா இல்லை. எங்கள் தெருவிலிருந்தே ஆட்கள் காலையில் ஜீப்பேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறார்கள். ஜீப் வருகிற நேரத்துக்கு அம்மா வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். ஜீப் ஓட்டும் மலைச்சாமியிடம், "மேல மழையா மலைச்சாமி?" என்று கேட்பாள். அவள் கேட்பது மழையை அல்ல என்று அவருக்கும் தெரியும். "மழதான் மதினி. விஜய் நல்லாத்தான் இருக்காப்ல. மீசைய எடுத்துட்டாப்ல" என்பார். அன்று இரவு அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. மீசை இல்லாத மகனின் முகத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் அதைத்தான் செய்துகொண்டிருப்பேன்.

எனக்கு அவன் போன் பேசுவான். "அம்மா பக்கத்துலதான் இருக்கு, குடுக்கவா?" என்று கேட்டால் உடனே சிக்னல் போய்விடும். அணக்கரையில் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் சிக்னல் கிடைப்பதில்லை.

அவன் போன பிறகு எங்கள் கதையும் மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. சலீம் தன் வாள்வீரனோடு பேரக்காரனையும் சேர்த்து ஆடிப் பார்த்தான். கமிஷன் கடைக்காரன், பேரத்தில் கெட்டிக்காரனாக இருப்பான் என்று நம்பினோம். ஆவி வாயைத் திறந்ததும், கேட்டதைக் கொடுத்துவிட்டு நன்றி வேறு சொன்னான். "கடையில எங்க வாப்பாதான் பேசுவாக. நான் பில்லு போடுறவன்" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடக்காரியாக நான் அவனிடம் மூன்று கிடாயும் ஒரு பட்டுப்புடவையும் கேட்டேன். சரி என்று தலையாட்டினான். மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏலே சலீமு, இப்பிடியா சாமிகிட்டப் பேசுவாக? கேட்டதும் குடுத்தா அடுத்த தடவ வீட்டையே கேக்கும்."

"இது சாமி இல்லம்மா, ஆவி. வெளயாட்டு" என்றேன்.

"எதுவா இருந்தா என்ன, வாய் இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் போனதிலிருந்து யாரும் அதில் உட்காரவில்லை. உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. ஒரு நிமிஷம் நாற்காலிக் கையைத் தடவினாள். அப்புறம் என்னைப் பார்த்து, "சொல்லு ஆத்தா, எந்த ஊரு ஓடக்காரி நீ?" என்று ஆரம்பித்தாள்.

அம்மா பெயர் மாயக்காள். எந்தக் காரியத்துக்கு எந்தச் சாமி என்பது அவளுக்கு அத்துப்படி. என் பரீட்சைக்கு வீரபாண்டி கௌமாரி. தோட்டத்து மோட்டார் நின்றுபோனால் சுருளி. அண்ணனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது ராயப்பன்பட்டி மாதா கோவிலில் மெழுகுவர்த்தி. எனக்கு வேலை கிடைக்க, சலீம் வீட்டார் மூலமாகக் கம்பத்துப் பள்ளிவாசலில் சர்க்கரை ஓதி வாங்கினாள். எல்லாரிடமும் ஒரே பேச்சுதான்: நீ முதலில் செய், நான் அப்புறம் செய்கிறேன். ஒரு சாமி தாமதித்தால் இன்னொரு சாமி செய்து கொடுத்ததை ஜாடையாகச் சொல்லிக் காட்டுவாள். அப்பா இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் ஒரு திராட்சைத் தோட்டத்தையும் அப்படித்தான் கரையேற்றினாள்.

ஓடக்காரியின் மூன்று கிடாய் அன்றைக்கு மஞ்சளும் ஒரு முழம் பூவுமாகக் குறைந்தது. பட்டுப்புடவையைக் கேட்டதற்காக ஓடக்காரி மன்னிப்புக் கேட்காத குறைதான். நாகராஜ் எழுந்து நின்று கைதட்டினான்.

அதற்கப்புறம் எல்லா ஞாயிறும் அம்மா வந்தாள். வாரம் முழுக்க நான் யோசித்து உண்டாக்கிய ஆவிகளை ஒவ்வொன்றாக மடக்கினாள். கொல்லனிடம் அவன் பெண்டாட்டி பெயரைச் சொல்லியே பாதி விலைக்கு இறக்கினாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அண்ணன் யாரிடமிருந்து கற்றான் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆனால் ஒரு சிக்கல். அம்மாவுக்கு வாயால் சொன்னது சொன்னதுதான். ஓடக்காரிக்குச் சொன்ன மஞ்சளையும் பூவையும் மறுநாளே கொண்டுபோய் முல்லைப் பெரியாற்றில் விட்டுவிட்டு வந்தாள். ஆற்றுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து கரையேறினாள் என்று தெருவில் ஒருத்தி என்னிடம் கவலையோடு சொன்னாள். கொல்லனைக் கூப்பிட்ட ஞாயிறன்று பொழுது சாயும்வரை காப்பி குடிக்கவில்லை, தலைவலியோடு கிடந்தாள்.

"அம்மா, அந்தக் கொல்லனை நான் வெண்டைக்கா நறுக்கும்போது யோசிச்சேன். அப்படி ஒரு ஆளே கெடையாது" என்றேன்.

"ஆளு இல்லாட்டி என்ன? சொன்ன வாய் இருக்குல்ல."

கேலி செய்தேன். ஆனால் அன்றைக்கு இரவே என் மனசில் அது ஊறத் தொடங்கிவிட்டது. விளையாட்டில் சொன்னாலும் அம்மா செய்வாள். அப்படியென்றால் விளையாட்டில் அவளை எதைச் சொல்ல வைப்பது என்பது என் கையில் இருக்கிறது. இரண்டு வருஷமாக நான் கெஞ்சியும் சண்டை போட்டும் நடக்காதது, ஓர் ஆவி கேட்டால் நடக்கும். இது சூழ்ச்சிதான். எனக்கு என் அண்ணன் வேண்டும், அவ்வளவுதான். மாடி ஏறும்போது அவன் செருப்புச் சத்தம் வேண்டும். தீபாவளிக்கு எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் திட்ட ஓர் ஆள் வேண்டும்.

அடுத்த ஞாயிறு கதை மலைக்கதவுக்கு வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரே அகப்பட்டுக் கிடக்கிறது. கதவுக்குக் காவல் வாசல்காரி என்னும் ஆவி. வாளுக்கும் மந்திரத்துக்கும் அவள் மசிய மாட்டாள்; பேரக்காரியால்தான் ஆகும் என்று சொன்னேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கதவ தொறந்து விடு தாயி. உள்ள இருக்கவுக வீடு வாசல்னு வரட்டும். உனக்கு என்ன வேணும்?"

"ஒரு பேரு" என்றேன். "உன் வீட்டு ஆளு ஒருத்தி இருக்கா. அவ பேர நீ இதுவரைக்கும் சொன்னதே இல்ல. அந்தப் பேரச் சொல்லி அவள உன் வாசலுக்குக் கூப்பிடணும்."

சலீம் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாகராஜின் வாயில் முறுக்கு பாதியில் நின்றது. உண்மைதான், அம்மா அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. "அந்தப் பிள்ள" என்பாள். கோபம் அதிகமானால் "மலைக்காரி".

"கிடா வெட்டுறேன்" என்றாள்.

"வேண்டாம்."

"மொட்ட போட்டுக்கிறேன்."

"வேண்டாம்."

"சித்திரைக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன். தீச்சட்டிய வெறுங்கையில ஏந்திக்கிட்டு வாரேன்."

"பேருதான் வேணும்."

அம்மா செருகியிருந்த முந்தானையை உருவிவிட்டாள். "இது வாசல்காரி கேக்கல. நீ கேக்குற."

"வாசல்காரிதான் கேக்குறா" என்று பிடிவாதமாகச் சொன்னேன். அதற்குமேல் நடிக்க வரவில்லை. "ராயப்பன்பட்டிக்குப் போயி மெழுகுவர்த்தி ஏத்துன. அண்ணனுக்குக் காய்ச்ச விட்டுச்சு. அந்தச் சாமி ஆகும், அந்தச் சாமியக் கும்பிடுற பொண்ணு மட்டும் ஆகாதா? எனக்கு அண்ணன் வேணும்மா. உனக்கு வேண்டாமா?"

அம்மா எழுந்தாள். படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அப்படி அவள் இறங்கி நான் பார்த்ததில்லை.

"ரொம்பத் தூரம் போயிட்ட ஜோதி" என்றான் நாகராஜ். சலீம் பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். கதவு திறக்கவில்லை.

மூன்று நாலு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் யாராவது வாயைத் திறந்தால்கூட எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இருந்ததையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை விடியும் நேரத்தில் அம்மா என்னை எழுப்பினாள். "வண்டிய எடு. ஜீப் ஸ்டாண்டுக்குப் போகணும்." கையில் தூக்குவாளி, உள்ளே அதிரசம். ராத்திரியே சுட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாமல். அண்ணனுக்கு அதிரசம் பிடிக்கும்.

ஸ்டாண்டில் ஜீப்பைச் சுற்றி வேலைக்குப் போகிற பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள். அம்மா அவர்களைத் தாண்டிக்கொண்டு மலைச்சாமியிடம் வாளியை நீட்டினாள்.

"விஜய்கிட்டக் குடுத்துரவா மதினி?"

"இல்ல. ஷெரின்கிட்டக் குடு." தெருவே கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "ஷெரின்னு கேட்டு, அவ கையில குடுக்கணும். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரச் சொன்னேன்னு சொல்லு."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் அவள் நெற்றி என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகக் காரியம் நடப்பதற்கு முன்னாலேயே அவள் கொடுத்துவிட்டு வருகிறாள். எந்தச் சாமியும் பேரத்தில் அவளை இவ்வளவு இறங்க வைத்ததில்லை.

சனிக்கிழமையே மீன் சொல்லிவைத்தாள். ஞாயிறு காலையிலிருந்து அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். சலீமையும் நாகராஜையும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மத்தியானம் மலைச்சாமியின் ஜீப் வாசலில் வந்து நின்றது. ஷெரின் இறங்கினாள். படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. கையில் அதே தூக்குவாளி. அம்மா அவளைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் பார்த்தாள், ஜீப்புக்குள் பார்த்தாள். வேறு யாரும் இறங்கவில்லை.

அம்மாவின் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் கூப்பிட்ட வாயாயிற்றே. "வா ஷெரின்" என்றாள். "வலது காலு எடுத்து வச்சு வா."

இலை போட்டாள். மீன்குழம்பு ஊற்றினாள். ஷெரின் நன்றாகச் சாப்பிட்டாள், கூச்சத்திலும் நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு, அதற்குமேல் ரசம், பாயசம். "புளி நல்லா பிடிச்சிருக்கு அம்மா" என்றாள். அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தாள், கேட்கவில்லை. இலையை மடித்த பிறகுதான் கேட்டாள்.

"அவன் ஏன் வரல?"

ஷெரின் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "சேட்டனும் கூட வந்தாரு அம்மா. புதுச் சட்ட போட்டு, காலைலயே ரெடியா நின்னாரு. குமுளி செக்போஸ்ட் வந்ததும் ஜீப்ப நிப்பாட்டி இறங்கிட்டாரு. 'உன் பேரச் சொல்லித்தானே கூப்பிட்டாக, என்னக் கூப்பிடலல்ல, நீ போயிட்டு வா'ன்னு சொல்லிட்டாரு. நான் திரும்பி வர்ற வரைக்கும் அங்கதான் இருப்பேன்னாரு."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கொடுத்த விலைக்குச் சரியாகக் கிடைத்துவிட்டது: ஷெரின் என்று கூப்பிட்டாள், ஷெரின் வந்தாள். அவனை யாரும் கூப்பிடவில்லையாம். வீம்பு பிடித்தவன். இங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில், மலையின் விளிம்பில், புதுச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "மலைச்சாமி, வண்டிய எடு" என்றாள். கட்டியிருந்த சேலையில் மீன்குழம்புக் கறை இருந்தது. செருப்பைக்கூட நான்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஷெரினும் நானும் பின்னால் ஏறினோம்.

லோயர் கேம்ப் தாண்டி வளைவு வளைவாக ஜீப் ஏறியது. அம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். எந்தச் சாமியிடம் என்று கேட்டேன். "யாருகிட்டயும் இல்ல. அவன்கிட்ட என்ன சொல்லுறதுன்னு பாக்குறேன். ஒண்ணும் வர மாட்டேங்குது" என்றாள்.

செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளப் பக்கத்தில், சிப்ஸ் கடை வாசலில் அவன் நின்றிருந்தான். மீசை இல்லை. கொஞ்சம் பெருத்திருந்தான். ஜீப்பிலிருந்து அம்மா இறங்குவதைப் பார்த்ததும் கையிலிருந்த டீயை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் பார்த்தான். அம்மா ரோட்டைக் கடந்து அவனிடம் போனாள். பக்கத்தில் போய் நின்று, அந்த முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துப் பார்வையையும் ஒன்றாகப் பார்த்தாள்.

"என்னம்மா" என்றான்.

"ஷெரின் இன்னும் சாப்பிடல" என்றாள் அம்மா. "நீ வந்தாத்தான் எலையில உக்காருவேங்குறா. நானும் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறா. என்ன பொண்ணுடா கட்டியிருக்க?"

அண்ணன் ஷெரினைப் பார்த்தான். என் பக்கத்தில் நின்றவளின் புறங்கையில் இன்னும் குழம்பு வாசம் அடித்தது. அவள் துப்பட்டாவுக்குள் கையை மறைத்துக்கொண்டு, முகத்தைச் சுருக்கி, "பசிக்குது சேட்டா" என்றாள்.

அவன் டீ கிளாஸைக் கடைத் திண்டில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினான். அம்மா அவன் பக்கத்தில் ஏறினாள். கூடலூர் வரும்வரை இறக்கம் முழுக்க அவள் அவன் சட்டை நுனியை விடவில்லை.